ஊட்டி ஏற்றமும் கியர் பாக்ஸ் சூடும்

“கியர் பாக்ஸுக்கு எதுக்குங்க கூலர்? ரேடியேட்டர் இன்ஜினுக்குத்தானே இருக்குது?” கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் ஆட்டோமேட்டிக் வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். லாரியிலும் டெம்போவிலும் கை பழகியவர்கள் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி லாரிகளில் கிளட்ச் மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் இன்ஜினும் கியரும் இரும்போடு இரும்பாகச் சேர்ந்துவிடும். பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளுவதில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு சக்திதான் சூடாகப் போகிறது. அதைக் கியர் பாக்ஸின் வெளிக்கூடே காற்றில் விட்டுவிடும். தனியாக ஒரு கூலர் வேண்டும் என்ற நினைப்பே அவர்களுக்கு வந்திருக்காது.

இன்னோவா கிறிஸ்டா, ஃபார்ச்சூனர், எக்ஸ்யூவி 700, ஸ்கார்ப்பியோ என், சஃபாரி ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக் ரகங்களும், இசுஸு வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரியான பிக்கப்புகளும் நம் சாலைகளில் பெருகிய பிறகு கதை மாறிவிட்டது. இவற்றில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் நிற்கிறது. இன்ஜின் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதன் இறகுகள் எண்ணெயை வீசியடிக்கின்றன. அந்த வீச்சு எதிரே இருக்கும் இன்னொரு சக்கரத்தைத் திருப்புகிறது. நடுவில் உள்ள மூன்றாவது சக்கரம், திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றிவிட்டு, புறப்படும் நேரத்தில் முறுக்கு விசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தருகிறது. இதுதான் டார்க் கன்வெர்ட்டர். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றது கப்பலுக்காக. வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியோடு சேர்த்து வைக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. கப்பலைச் சுற்றிலும் கடல் தண்ணீர் உண்டு. கார் தன் சூட்டை ஒரு கையகல ரேடியேட்டர் வழியாகக் காற்றிடம்தான் கொடுத்தாக வேண்டும்.

சூடு எப்படி வருகிறது? 1840-களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஜேம்ஸ் ஜூல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, உள்ளே துடுப்புச் சக்கரம் ஒன்றை வைத்தார். கயிற்றில் கட்டிய எடைக்கற்கள் கீழே இறங்க இறங்கத் துடுப்பு சுற்றித் தண்ணீரைக் கலக்கியது. தண்ணீரின் வெப்பநிலை சிறிது உயர்ந்தது. கற்கள் இறங்கியதில் செலவான வேலை முழுவதும் தண்ணீரில் வெப்பமாக வந்து சேர்ந்ததை அவர் அளந்து காட்டினார். டார்க் கன்வெர்ட்டருக்குள் நடப்பதும் அதுவேதான். முன் சக்கரம் 2,000 சுற்று சுற்றும்போது எதிர்ச் சக்கரம் 1,700 சுற்றுதான் சுற்றுகிறது என்றால், அந்த 300 சுற்று வித்தியாசம் எண்ணெயைக் கலக்குவதில் போகிறது. கலக்கிய எண்ணெய் சுடுகிறது. பெரிய சொகுசுப் பேருந்துகள் சிலவற்றில் மலை இறங்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரிட்டார்டர் இதே விதியை வேண்டுமென்றே பயன்படுத்துகிறது. வண்டியின் வேகத்தை எண்ணெயில் கலக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டை ரேடியேட்டருக்கு அனுப்பிவிடும். அங்கே சூடாக்குவதுதான் வேலை. நம் வண்டியில் அது வேண்டாத பக்கவிளைவு.

கருமத்தம்பட்டியிலிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வரை சமதரை. அதுவரை கவலையில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240. வித்தியாசத்தை 1,900 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேரும் பெட்டி படுக்கையும் ஏறிய எஸ்யூவி 2,300 கிலோ இருக்கும். அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் 4 கோடியே 30 லட்சம் ஜூல் வேண்டும். தறிக்காரர்களுக்குப் பழகிய மின் கணக்கில் 12 யூனிட். இந்தச் சக்தி அத்தனையும் கியர் பாக்ஸ் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. வழியில் பத்தில் ஒரு பங்கு சூடானால் 43 லட்சம் ஜூல்.

கியர் பாக்ஸில் 8 லிட்டர் எண்ணெய், அதாவது சுமார் 7 கிலோ. அதன் வெப்பநிலை ஒரு டிகிரி உயர 14,000 ஜூல் போதும். மொத்தச் சூட்டையும் எண்ணெய் மட்டும் வாங்கினால் 300 டிகிரி ஏறிவிடும். எண்ணெயோடு கியர் பாக்ஸின் உலோகமும் சேர்ந்து சுடுவதால் நிலைமை அவ்வளவு மோசமாகாது. 80 கிலோ உலோகத்தையும் கணக்கில் சேர்த்தால் ஏற்றம் 70 டிகிரி அளவில் நிற்கும். ஆனாலும் 85 டிகிரியில் கிளம்பிய எண்ணெய், கூலர் இல்லாவிட்டால் 150-ஐத் தாண்டித்தான் ஊட்டி போய்ச் சேரும். இது தோராயக் கணக்கு. சாலை உராய்வையும் கொண்டை ஊசி வளைவுகளில் நின்று கிளம்புவதையும் நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் கூடும்.

150 டிகிரியில் என்ன ஆகும்? இந்த எண்ணெய் 80 முதல் 95 டிகிரி வரை சுகமாக வேலை செய்யும். 120-ஐத் தாண்டினால் ஆக்சிஜனோடு வேகமாகச் சேர்ந்து, வால்வுகளின் மேல் வார்னிஷ் போலப் படியத் தொடங்கும். ரப்பர் சீல்கள் இறுகும். இன்னும் ஏறினால் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளின் காகித உராய்வுப் பூச்சு கருகும். 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்று பட்டறைகளில் ஒரு கைக்கணக்கு உண்டு. அதை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. ஆனால் அதன் அடியில் இருக்கும் வேதியியல் உறுதியானது. வெப்பநிலை கூடக் கூட வேதிவினை மடங்கு மடங்காக வேகமெடுக்கும் என்று ஸ்வீடனின் அரேனியஸ் 1889-லேயே காட்டிவிட்டார்.

இதில் எனக்கு மிகக் கவலை தருவது ஒரு சுழல். இன்றைய எண்ணெய்கள் எரிபொருள் மிச்சத்துக்காகவே மெலிதாகச் செய்யப்படுகின்றன. 40 டிகிரியில் இருக்கும் பிசுபிசுப்பு 100 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அதற்கும் மேல் சூடானால் எண்ணெய் இண்டு இடுக்குகளில் கசிந்து அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கிளட்ச் தட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் மேலும் சூடு, சூட்டால் மேலும் மெலிவு. ஒரு எல்லையைத் தாண்டிய பிறகு சூடே சூட்டை வளர்க்கும். அந்த எல்லைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் காரியம். போன பிறகு ஓட்டுநர் கையில் அதிகம் எதுவும் இல்லை.

அந்த எல்லையை நம் கண் பார்ப்பதில்லை என்பது இன்னொரு கஷ்டம். டேஷ்போர்டில் இருக்கும் வெப்ப முள் இன்ஜின் தண்ணீரை மட்டுமே காட்டும். பல வண்டிகளில் கியர் பாக்ஸ் எண்ணெய்க்கு முள்ளே கிடையாது. அளவு மீறிய பிறகு எரியும் ஒரு விளக்கு மட்டும் உண்டு. உள்ளே சென்சார் இருக்கிறது, கணினி நொடிக்கு நொடி அதைப் படிக்கிறது, ஓட்டுபவருக்கு மட்டும் சொல்வதில்லை. பிரிக்கால் போன்ற டேஷ்போர்டு மீட்டர் நிறுவனம் பிறந்த கோயம்புத்தூரிலிருந்து இதைச் சொல்கிறேன்: மலைச்சாலையில் ஓடும் ஒவ்வொரு ஆட்டோமேட்டிக் வண்டியிலும் இந்த எண் திரையில் தெரிய வேண்டும். இப்போதைக்கு, வண்டியின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் சொருகும் சிறிய ரீடரும் ஒரு செல்போன் செயலியும் இருந்தால், பெரும்பாலான வண்டிகளில் அந்த எண்ணைப் பார்த்துவிடலாம். மலை ஏறுகிறவர்களுக்கு அது வீண் செலவாகாது.

சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544-ல் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எண்ணெய் சுடுவதில்லை. வேகம் நிலைப்பட்டதும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். வழுக்கல் போய்விடும், எதிர்க்காற்றும் பலமாக அடிக்கும். ஊட்டிச் சாலையில் மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு தாண்டியதும் இரண்டும் தலைகீழாகிவிடுகின்றன. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், முன்னால் ஒரு பேருந்து, வேகம் இருபது. பூட்டு விட்டு விட்டுப் பிடிக்கிறது. கூலர் வழியாகப் போகும் காற்று ரேடியேட்டர் விசிறி இழுப்பது மட்டும்தான். அதையும் ஏ.சி. கண்டென்சர் முன்கூட்டியே சூடாக்கி அனுப்புகிறது. பக்கத்திலேயே அதே மலையில் நீலகிரி ரயில் ஏறுகிறது. 1899-ல் குன்னூர் வரை வந்த அந்தப் பாதையின் சரிவு ஏறத்தாழ 12-க்கு 1. அதில் வழுக்கலைத் தடுக்கத் தண்டவாளத்துக்கு நடுவே பற்சட்டம் போட்டிருக்கிறார்கள். காரில் அந்தப் பற்சட்டத்தின் வேலையைச் செய்ய வேண்டியது லாக்-அப் கிளட்ச். அதைப் பிடித்தபடியே வைத்திருக்க நாம் உதவலாம். ‘டி’யிலேயே விட்டுவிட்டால் கணினி உயர் கியருக்குத் தாவும், இழுக்க முடியாமல் பூட்டை விடும், வழுக்கும், மறுபடி கீழே வரும். மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டிலோ மூன்றிலோ நிறுத்திவைத்தால் இன்ஜின் சற்று உரக்கச் சத்தமிடும். ஆனால் பூட்டு நிலைக்கும். எண்ணெய்ப் பம்பும் இன்ஜினோடு வேகமாகச் சுற்றுவதால் கூலருக்கு எண்ணெய் அதிகம் போகும். சத்தத்தைக் கண்டு பயந்து கியரை ஏற்றுபவர்கள்தான் கியர் பாக்ஸைச் சுட வைக்கிறார்கள்.

உயரே போகப் போகக் குளிர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஊட்டிக் காற்று மேட்டுப்பாளையத்தைவிட ஏறத்தாழ 15 டிகிரி குளிர்ச்சி என்பது சரிதான். ஆனால் அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால் அது சுமந்து செல்லும் சூடும் குறைகிறது. இரண்டையும் கணக்குப் போட்டால் வரவும் செலவும் ஏறக்குறைய சமன். என் பார்வையில் மோசமான இடம் கல்லாறுக்கும் பர்லியாறுக்கும் இடைப்பட்ட பகுதி. ஏற்றம் தொடங்கிவிட்டது, காற்று இன்னும் சூடு, இரு பக்கமும் அடர்ந்த காடு. சித்திரை மாதத்து மதியத்தில் அங்கே வண்டிகள் வரிசை கட்டி நின்றால் கூலருக்குக் கிடைப்பது முன் வண்டியின் புகையும் சூடும்தான்.

அப்படி நிற்கும்போது பலரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டி பின்னால் வராதபடி பிடித்து வைப்பார்கள். சக்கரம் சுற்றவில்லை, ஆனால் இன்ஜின் சக்தியைத் தந்துகொண்டே இருக்கிறது. அது முழுவதும் எண்ணெயில் போகிறது. 12-க்கு 1 சரிவில் 2,300 கிலோ வண்டியை அப்படிப் பிடித்து வைக்க இரண்டு கிலோவாட்டுக்கு மேல் சூடு உண்டாகும். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெய் மூன்று லிட்டர் அளவுதான். அரை நிமிடத்தில் பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும். சேற்றில் மாட்டிக்கொண்டு ஆழ மிதித்தும் வண்டி நகராமல் நின்றால் இன்னும் கொடுமை. 30 கிலோவாட் உள்ளே போனால் நொடிக்கு ஆறு டிகிரி. பட்டறையில் ஸ்டால் சோதனை செய்கிற மெக்கானிக் ஐந்து விநாடிக்கு மேல் காலை வைக்காததற்குக் காரணம் இதுதான். சரிவில் நிற்க பிரேக் போதும். வரிசை நெடுநேரம் நகராது என்றால் கை பிரேக்கைப் போட்டு நியூட்ரலுக்கு வந்துவிடலாம்.

இனி கூலர். கன்வெர்ட்டரை விட்டு வெளியேறும் எண்ணெய்தான் கியர் பாக்ஸிலேயே அதிகச் சூடானது. அதனால் அதை முதலில் கூலருக்கு அனுப்பி, குளிர்ந்து வந்ததைப் பல்சக்கரங்களுக்கு உயவாகக் கொடுக்கிறார்கள். பல வண்டிகளில் கூலர் ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். இன்ஜின் தண்ணீர் வெளியே, கியர் எண்ணெய் உள்ளே. சில வண்டிகளில் கண்டென்சருக்கு முன்னால் தனியாக ஒரு காற்றுக் கூலரும் உண்டு. முதல் வகையில் ஒரு வசதி இருக்கிறது, காலையில் தண்ணீர் சூடானதும் எண்ணெயும் பதத்துக்கு வந்துவிடும். ஓர் ஆபத்தும் இருக்கிறது. நடுவில் இருக்கும் மெல்லிய உலோகச் சுவர் அரித்து ஓட்டை விழுந்தால் இரண்டும் கலந்துவிடும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் ரோஸ்மில்க் போல இளஞ்சிவப்பில் நுரைத்து நிற்கும். அதைப் பார்த்த நிமிடமே வண்டியை நிறுத்திவிட வேண்டும், பட்டறைக்குக்கூட ஓட்டிச் செல்லக் கூடாது. கூலன்டில் இருக்கும் கிளைக்காலும் தண்ணீரும் கிளட்ச் தட்டில் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையைக் கரைத்துவிடும். சுவரை அரிப்பது பெரும்பாலும் பழைய கூலன்ட். கூலன்ட் குறையும்போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றி நிரப்பும் பழக்கம் நம் ஊரில் சாதாரணம். உப்பு நிறைந்த அந்தத் தண்ணீர் கடைசியில் கியர் பாக்ஸையே கொல்லக்கூடும் என்று யாரும் நினைப்பதில்லை.

எல்லாவற்றையும்விட மலிவான குளிர்ச்சி, சுத்தமான ஃபின்கள், அதாவது காற்று புகுந்து போகும் மெல்லிய தகடுகள். முன்னால் கண்டென்சர், அதன் பின்னால் ரேடியேட்டர், நடுவே ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ இடைவெளி. முன்பக்கம் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும்: தூசியும் பூச்சிகளும் சேர்ந்து மெத்தென்று ஒரு படலம். விசைத்தறிக் கூடத்தை ஒட்டியே நாளெல்லாம் நிற்கும் வண்டியானால் அதில் பஞ்சும் சேர்ந்திருக்கும். பஞ்சு தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் கம்பளிபோல் இறுகிவிடும். இதைப் பார்த்துவிட்டு வாட்டர் சர்வீஸில் துப்பாக்கிக் குழாயை நேராக வைத்து அடிக்கச் சொல்வது அடுத்த தவறு. அந்த அழுத்தத்தில் மெல்லிய அலுமினிய ஃபின்கள் மடிந்து காற்று வழி நிரந்தரமாக அடைபடும். குறைந்த அழுத்தத் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக விட வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் பலன் உடனே தெரியும்.

எண்ணெய் மாற்றும் பேச்சு வரும்போது பட்டறைகளில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“கியர் ஆயில் எப்பங்க மாத்துனீங்க?”

“அது லைஃப்டைம் ஆயிலு, மாத்தவே வேண்டாம்னு சொன்னாங்களேங்ணா.”

“மாசம் ரெண்டு தடவை ஊட்டி, வால்பாறைன்னு ஏறுற வண்டிக்கு அந்தக் கணக்கு ஆகாதுங்க.”

மெக்கானிக் சொல்வது சரி. கார் கையேட்டில் ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு பகுதி இருந்தால் அதைத் தேடிப் படியுங்கள். மலை ஏற்றம், முழுப் பாரம், நெரிசல், தூசி எல்லாம் அதில் வரும். கொங்கு நாட்டில் ஓடும் வாடகை எஸ்யூவி எதுவும் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்காது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்களைச் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே தன் எண்ணெயை இடைவெளி வைத்து மாற்றச் சொல்கிறது. வடித்த எண்ணெயைப் பாருங்கள். புதியது பெரும்பாலும் சிவப்பு. பழுப்பாகித் தீய்ந்த வாடை அடித்தால் அது சூட்டைக் கண்டிருக்கிறது. அடித்தட்டில் ஒட்டியிருக்கும் காந்தங்களில் சாம்பல் நிற மாவு போன்ற படிவு இருப்பது இயல்பு. விரலில் நெருடும் உலோகத் துணுக்கு இருந்தால் இயல்பில்லை.

எண்ணெயின் அளவு பார்ப்பதிலும் சூட்டின் கை உண்டு. பல புதிய கியர் பாக்ஸ்களில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, குறிப்பிட்ட வெப்பநிலையில் அடைப்பானைத் திறந்து, வழிவது நின்றால் அதுதான் சரியான அளவு. 8 லிட்டர் எண்ணெய் 70 டிகிரி சூடானால் 400 மில்லி அளவுக்கு விரியும். வெப்பநிலையைப் பார்க்காமல் அளந்தால் அந்த அளவுக்குக் கூடவோ குறையவோ போய்விடும். கூடினால் பல்சக்கரங்கள் அதில் முங்கி நுரையாக அடிக்கும். குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். இரண்டு வழியிலும் முடிவு சூடுதான். எண்ணெயின் ரகத்தையும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. வழுவழுப்பும் பிடிப்பும் ஒரே எண்ணெயில் சேர்ந்து இருக்க வேண்டியிருப்பதால் இது மிக நுணுக்கமான கலவை. 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் அந்தப் பதத்துக்காக விந்துத் திமிங்கிலத்தின் எண்ணெயையே இதில் கலந்தார்கள். திமிங்கிலங்களைக் காக்கச் சட்டம் வந்த பிறகே செயற்கை மாற்று தேடப்பட்டது.

கூடுதல் கூலர் பொருத்தலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பாரம் இழுப்பவர்களும் தினமும் மலை ஏறுபவர்களும் பொருத்தலாம், மற்றவர்கள் ஃபினைக் கழுவி எண்ணெயை மாற்றினாலே போதும். பொருத்துவதானால் ரேடியேட்டர் கூலருக்கு அடுத்ததாக, திரும்பும் குழாயில் வரிசையாக இணைக்க வேண்டும். கண்டென்சர் ஃபின்களுக்குள் பிளாஸ்டிக் கம்பியைக் குத்திக் கட்டுவது வேண்டாம். ஆடி ஆடி ஓட்டை போட்டுவிடும். தனி பிராக்கெட் வேண்டும். வாரன்டி இருக்கும் வண்டியானால் கம்பெனியிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. ஏ.எம்.டி. வண்டிகளுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவற்றில் கன்வெர்ட்டர் இல்லை, சாதாரண கிளட்ச்சை ஒரு மோட்டார் இயக்குகிறது. அங்கே சுடுவது கிளட்ச் தட்டு.

ஏற்றத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டால் பதறி இன்ஜினை அணைக்காதீர்கள். எண்ணெய்ப் பம்பை ஓட்டுவது இன்ஜின். அணைத்தால் சூடான எண்ணெய் சூடான இடத்திலேயே தேங்கிவிடும். வண்டியை ஓரமாக நிறுத்தி, ‘பி’யில் போட்டு, ஏ.சி.யை அணைத்து, இன்ஜினைச் சாதாரண ஓட்டத்தில் விட்டால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். இன்ஜின் முள்ளும் சிவப்புக்குப் போயிருந்தால், அல்லது தண்ணீர் கொட்டியிருந்தால், அப்போது மட்டும் அணைக்க வேண்டும்.

அதையும் மீறி வண்டி நின்றேவிட்டால், பர்லியாறு பக்கம் கயிற்றோடு உதவிக்கு வரும் ஜீப்காரர் மனிதாபிமானத்தோடுதான் வருவார். சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர் பாக்ஸின் உட்பாகங்கள் சுற்றும், ஆனால் இன்ஜின் ஓடாததால் பம்பு ஓடாது. ஒரு சொட்டு எண்ணெய் போகாமல் பேரிங்குகள் உரசிச் சுடும். பத்திருபது கிலோமீட்டர் அப்படி இழுத்தாலே, அதுவரை நன்றாக இருந்த கியர் பாக்ஸும் வீணாகிவிடும். வளைவை விட்டு ஓரத்துக்குத் தள்ளும் அளவுக்கு மட்டும் கயிறு போதும். மேட்டுப்பாளையம் வரை கொண்டுபோக, நான்கு சக்கரமும் மேலே ஏறும் சமதட்டு ரிகவரி வண்டியை வரவழைத்துக் காத்திருங்கள்.